குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டே பண்பாட்டு எழுத்தாளராக வாழ முடியுமா?

முதுகலைத் தமிழ் முடிக்கும் தறுவாயில் இருக்கும் நீங்கள் குழித்துறைப் பக்கத்திலிருந்து கேட்டிருப்பது இதுதான்: வில்லுப்பாட்டு, கோயில் கொடை என்னும் ஊர்த் தெய்வத் திருவிழா, கடற்கரை வழக்கங்கள், பழைய வீடுகள் ஆகியவற்றைப் பற்றி எழுதுவதையே தொழிலாகக் கொள்ள முடியுமா? அதற்கு முதலில் ஒரு நாளிதழில் சேர வேண்டுமா, இல்லை நேரே இணையத்திலும் யூடியூபிலும் தொடங்கிவிடலாமா? சென்னைக்குக் குடிபெயராமல் இது நடக்குமா? மாவட்ட நிருபராகத் தொடங்கி, நாளிதழ் டெஸ்க், வார இதழ், பிறகு இணையப் பிரிவு என்று வெவ்வேறு இடங்களில் வேலை பார்த்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முடியும். ஆனால் நாளிதழா இணையமா என்பதை முதல் முடிவாக வைத்துக்கொள்ளாதீர்கள். எந்தக் களத்தைப் பற்றி மற்ற எவரையும்விட நன்றாகத் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பண்பாட்டு எழுத்தில் இருபது, முப்பது ஆண்டுகள் நிலைத்தவர்களைப் பார்த்தால், அவர்கள் வேலை செய்த பத்திரிகை மூடியிருக்கும், எழுதிய இணையதளம் கைமாறியிருக்கும், பேசிய நிகழ்ச்சி நின்றிருக்கும். அவர்கள் கையில் இருந்த களம் மட்டும் மாறாமல் இருந்திருக்கும். நாளிதழ், வார இதழ், இணையம், காணொளி என்ற ஒவ்வொன்றும் அந்தக் களத்துக்குள் உங்களை அழைத்துச் செல்லும் வாசல். ஒவ்வொன்றிலும் கற்க வேண்டியது வேறு, ஒவ்வொன்றும் கெடுக்கக்கூடியதும் வேறு.

பிழைப்பைப் பற்றி முதலிலேயே பேசிவிடலாம். இந்த மாவட்டம் தமிழுக்குக் கொடுத்த எழுத்தாளர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பாருங்கள். தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஆசிரியராக வேலை பார்த்தார். கவிதையோடு கல்வெட்டாய்வும் செய்தார். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தினார். தேங்காய்ப்பட்டணத்தின் தோப்பில் முகமது மீரான் மிளகாய் வற்றல் வணிகம் செய்தார். பொன்னீலன் கல்வித் துறையில் பணியாற்றினார். நாஞ்சில் நாடன் மும்பையிலும் கோவையிலும் ஒரு தனியார் நிறுவனத்துக்காக ஊர் ஊராய் அலைந்தார். ஜெயமோகன் தொலைபேசித் துறை ஊழியராக இருந்தார். இம்மாவட்டத்தின் நாட்டார் கலைகளைப் பற்றி மிக அதிகமாக எழுதியவரான அ.கா. பெருமாள் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர். இவர்களில் மீரான், பொன்னீலன், நாஞ்சில் நாடன் ஆகிய மூவரும் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள். இவர்களின் பெரும்பாலான எழுத்து, வேறொரு வருமானம் அடுப்பை எரித்துக்கொண்டிருந்தபோது எழுதப்பட்டது. இதைச் சொல்வது உங்களைப் பின்வாங்கச் செய்வதற்காக அன்று. பத்திரிகை வேலையும் இணைய வேலையும் உங்களுக்கு அந்த வேறொரு வருமானமாக இருக்கலாம். உங்கள் பண்பாட்டு எழுத்து அந்த வேலைக்கு உள்ளேயும் பக்கத்திலும் வளரலாம். இரண்டும் ஒன்றாகிவிட வேண்டும் என்று முதல் ஆண்டிலேயே எதிர்பார்ப்பவர்கள்தாம் சோர்ந்துபோகிறார்கள்.

இந்த மாவட்டத்துக்குப் பத்திரிகையோடு உள்ள உறவு பழையது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே லண்டன் மிஷன் சங்கத்தார் நாகர்கோவிலில் அச்சகம் நடத்தினார்கள். பூதப்பாண்டியில் பிறந்த ப. ஜீவானந்தம் 1937-இல் ‘ஜனசக்தி’யையும் 1959-இல் ‘தாமரை’யையும் தொடங்கியவர், அரசியல் இதழ் ஒன்று, கலை இலக்கிய இதழ் ஒன்று என்று இரண்டையும் ஒரே மனிதர் தேவையென்று கருதியதை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். நாஞ்சில் நாட்டைச் சேர்ந்த டி.வி. ராமசுப்பையர் 1951-இல் ‘தினமலர்’ நாளிதழைத் திருவனந்தபுரத்தில் தொடங்கியபோது, திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகள் தமிழகத்தோடு இணைய வேண்டும் என்ற கோரிக்கை அதன் மையத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் இணைந்து இம்மாவட்டம் உருவானது, மறு ஆண்டில் நாளிதழ் திருநெல்வேலிக்கு இடம்பெயர்ந்தது. சுந்தர ராமசாமி 1988-இல் தொடங்கிய ‘காலச்சுவடு’ இலக்கிய இதழ் இடைவெளிக்குப் பிறகு 1994 முதல் நாகர்கோவிலிலிருந்தே வந்துகொண்டிருக்கிறது. எனவே, இங்கிருந்து இதழியல் செய்ய இயலுமா என்ற கேள்விக்கு விடை ஏற்கெனவே கிடைத்துவிட்டது.

நாளிதழைப் பற்றி. நீங்கள் எங்கே போய்ச் சேர்ந்தாலும், முதல் இரண்டு மூன்று ஆண்டுகளை ஒரு நாளிதழின் மாவட்டச் செய்தியில் கழிப்பது நல்லது என்பது என் உறுதியான எண்ணம். பகுதிநேர நிருபராக மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ தொடங்கினால் கிடைக்கும் பணம் சொற்பம். வெளியான செய்தியின் நீளத்தைப் பொறுத்தோ, மாதத்துக்கு ஒரு சிறு தொகையாகவோ தருவார்கள், பெட்ரோலுக்கே சரியாக இருக்கும். ஆனால் கோயில் செயல் அலுவலர், பங்குத்தந்தை, ஜமாத் தலைவர், வட்டாட்சியர், மீனவர் சங்கச் செயலாளர், பூக்கடை வியாபாரி எல்லோரிடமும் தயக்கமில்லாமல் போய் நின்று கேள்வி கேட்கும் உரிமையும் பழக்கமும் அங்கேதான் வருகின்றன. பண்பாட்டைப் பற்றி எழுதுகிறவருக்கு ஆள் பழக்கம் நூலகத்தைப் போலவே இன்றியமையாதது. அதோடு, சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்க்காமல் எழுதக் கூடாது என்ற அச்சத்தை, மறுநாள் காலையில் அதே ஊர்க்காரர் டீக்கடையில் செய்தித்தாளோடு நம்மைப் பிடித்துக் கேட்பார் என்ற நிலைமை மிக விரைவாகக் கற்றுத் தந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நின்று பார்க்கலாம். ஒவ்வொரு ஆண்டும் நவராத்திரிக்கு முன், பத்மநாபபுரம் அரண்மனையின் தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூன்று திருமேனிகள் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் செல்கின்றன. அரண்மனையில் உடைவாள் கைமாற்றப்படுகிறது. இரு மாநிலக் காவலரும் அணிவகுத்து மரியாதை செய்கிறார்கள். குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்கி, மூன்றாம் நாள் ஊர்வலம் தலைநகரை அடைகிறது. மாவட்டப் பக்கத்தில் இது ஆண்டுதோறும் படத்தோடு கூடிய சிறு செய்தியாகிறது: யார் வாளைக் கொடுத்தார், யார் பெற்றுக்கொண்டார், எந்த அமைச்சர் வந்தார். நிருபராக அதை நீங்களும் எழுதித்தான் ஆக வேண்டும். எழுதிக்கொண்டே கவனித்தால் கேள்விகள் தாமாகவே எழும். திருவிதாங்கூரின் தலைநகர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பத்மநாபபுரத்தை விட்டுப் போன பின்னும் தெய்வங்கள் ஏன் ஆண்டுக்கொருமுறை போய் வருகின்றன? கம்பர் வழிபட்ட சரஸ்வதி இது என்ற கதையைச் சொல்கிறவர்கள் யார், அந்தக் கதை எந்த நூலில் முதலில் பதிவாகிறது? தமிழக எல்லைக்குள் இருக்கும் அந்த அரண்மனையை இன்றும் கேரள அரசின் தொல்லியல் துறை பராமரிப்பது எப்படி? வழியில் வீட்டு வாசலில் விளக்கேற்றித் தட்டம் வைத்துக் காத்திருக்கும் பெண்கள் இதை எந்த மாநிலத்தின் விழாவாக நினைக்கிறார்கள்? செய்தியாளர் முதல் கேள்விக்கு முன்பே நிறுத்திவிடுகிறார். நிறுத்தித்தான் ஆக வேண்டும், மாலைக்குள் செய்தி போக வேண்டும். அந்தக் கேள்விகளைக் குறிப்பேட்டில் எழுதிவைத்து, அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அதே ஊர்வலத்தோடு நடந்து விடை தேடுகிறவர் பண்பாட்டு எழுத்தாளர் ஆகிறார். விழா ஒன்றுதான், ஆண்டுதோறும் திரும்பி வருகிறது என்பதே நமக்குக் கிடைத்த பெரிய வசதி.

நாளிதழ் கெடுக்கக்கூடியதும் இங்கேயே இருக்கிறது. ஆயத்தமான சொற்றொடர்கள் கைக்கு வந்துவிடும். மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் மாசிக் கொடை என்றாலே ‘பெண்களின் சபரிமலை’ என்று தொடங்குவது அப்படிப்பட்ட பழக்கம். அந்தத் தொடரை எழுதியவுடன் மண்டைக்காட்டைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டதுபோல் ஆகிவிடுகிறது; புற்று வளர்ந்து அம்மனாக நிற்பதையும், கடலோரத்தில் அது அமைந்திருப்பதையும், கேரளத்திலிருந்து வரும் பெண்கள் அங்கே பொங்கலிடுவதையும் பற்றிக் கேட்கத் தோன்றுவதில்லை. சிவாலய ஓட்டமும் இப்படித்தான். மகா சிவராத்திரியை ஒட்டி முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும் பன்னிரு சிவன் கோயில்களின் ஓட்டத்தில், கையில் விசிறியோடு ஓடுகிறவர்கள் ‘கோவிந்தா, கோபாலா’ என்று அழைக்கிறார்கள். சிவனை நோக்கி ஓடும்போது திருமாலின் பெயர் ஏன் என்பதற்கு, சிவபக்தியுள்ள புருஷாமிருகம் துரத்த, பீமன் திருமாலின் பெயரைச் சொல்லி ஓடிய கதை ஒரு விடை தருகிறது. கடைசிக் கோயிலான திருநட்டாலத்தில் சிவனும் திருமாலும் ஒன்றான சங்கரநாராயணர் இருப்பது இன்னொரு விடையைக் குறிப்பால் உணர்த்துகிறது. இவை விளவங்கோடு, கல்குளம் வட்டாரங்களில் பிறந்த உங்களைப் போன்றவர்களுக்குச் சிறு வயதிலேயே தெரிந்தவை. தெரிந்தவை என்பதாலேயே எழுதத் தகுந்தவை ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். வெளியூர் ஆசிரியர் ஒருவர் கேட்டு வாங்க விரும்புவது இதைத்தான்.

பண்பாட்டுச் செய்தி என்றால் விழாவும் கோயிலும் மட்டுமே என்று கருதுவதும் தவறு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலைக் கடந்தபோது, தூத்தூர் வட்டார மீனவர்கள் பல நாள் தங்கி ஆழ்கடலில் தொழில் செய்கிறவர்கள் என்பதை அறிந்த செய்தியாளர்களுக்குத்தான், கரை திரும்பாதவர்களின் எண்ணிக்கை எவ்வளவு பெரிதாக இருக்கக்கூடும் என்பது முதல் நாளிலேயே உறைத்தது. கரையோரக் கட்டுமரமும் தூத்தூரின் விசைப்படகும் ஒன்றென்று நினைத்தவர்களுக்கு அது புரியச் சில நாட்கள் ஆயின. ஒரு சமூகம் எப்படித் தொழில் செய்கிறது, கச்சான், வாடை, கொண்டல் ஆகிய காற்றுகளை எப்படி அறிகிறது, யாரோடு யார் படகில் போகிறார்கள் என்பதெல்லாம் பண்பாட்டு அறிவே. பேரிடரில் அது உயிர் சம்பந்தப்பட்ட அறிவாகிறது.

அடுத்து டெஸ்க். உதவி ஆசிரியர் வேலையை இளைஞர்கள் பலர் தண்டனையாக எண்ணுகிறார்கள். மாவட்டங்களிலிருந்து வரும் செய்திகளைத் திருத்தி, தலைப்பிட்டு, இரவில் பக்கம் முடிக்கும் அந்த வேலை, ஒரு பத்தியில் எந்த வாக்கியம் வேலை செய்யவில்லை என்பதைக் கண்ணுக்குத் தெரியச் செய்கிறது. பாரதியே 1904-இல் ‘சுதேசமித்திரன்’ நாளிதழில் உதவி ஆசிரியராகத்தான் பத்திரிகை வாழ்வைத் தொடங்கினார். ஓராண்டாவது செய்யுங்கள். அதற்குச் சென்னையோ மதுரையோ திருநெல்வேலியோ போக வேண்டியிருக்கும், போங்கள். விட்டு விலகி இருக்கும் காலத்தில்தான் ஊரின் எந்த வழக்கம் தனித்தது, எது தமிழகம் முழுவதற்கும் பொதுவானது என்று பிரித்துப் பார்க்க முடிகிறது.

வார இதழ்களும் நாளிதழ் இணைப்பிதழ்களும் நீளம் தருகின்றன. தீபாவளி மலர்கள் இன்னும் கூடுதலாகத் தரும். சிறுபத்திரிகைகள் நீளத்தோடு ஆழத்தையும் கேட்கும், சன்மானம் தராது அல்லது பெயரளவுக்குத் தரும். இவற்றுக்கு எழுதும்போது பொருளை ஒரே கோணத்தில் சுருக்கப் பழகுங்கள். ‘குமரி மாவட்ட நாட்டார் கலைகள்’ என்று எந்த ஆசிரியருக்கும் எழுதி அனுப்பாதீர்கள். கணியான் கூத்தில் பெண் வேடமிட்டு ஆடும் ஆண் கலைஞர் கொடையில்லாத மாதங்களில் என்ன வேலை செய்கிறார் என்று எழுதி அனுப்புங்கள்; கூத்தும் மகுடம் என்ற தோல்கருவியும் அண்ணாவி என்ற முதன்மைப் பாடகரும் சடங்கும் கட்டுரைக்குள் தாமாக வந்து சேரும்.

இணையத்துக்கு வருகிறேன். இணையப் பிரிவில் சேர்கிறவருக்கு முதல் நாளே தெரியும் அளவுகோல் பார்வை எண்ணிக்கை. பண்பாட்டுச் செய்திக்கு அங்கே வரும் தேவை பெரும்பாலும் நாள்காட்டியைச் சார்ந்தது: ஓணம் நெருங்கினால் தோவாளைப் பூச்சந்தை, டிசம்பர் 3 நெருங்கினால் கோட்டாறு சவேரியார் பெருவிழா, புத்தாண்டு வந்தால் 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலை. ஒரு மணி நேரத்தில் கட்டுரை வேண்டும் என்பார்கள். எழுதுகிறவர் வேறு தளத்திலிருந்து எடுத்து மாற்றி எழுதுவார். அந்தத் தளமும் இன்னொன்றிலிருந்து எடுத்திருக்கும். இப்படித்தான் தலபுராணம் வரலாறாகிறது, ஒருவர் போகிற போக்கில் சொன்ன ஆண்டு கல்வெட்டு ஆண்டாகிறது. இதில் சிக்காமல் இருக்க ஒரு வழி உண்டு. திரும்பி வரும் விழாக்கள் ஒவ்வொன்றுக்கும், நெருக்கடி இல்லாத மாதத்தில் நேரில் போய் எழுதிய ஒரு முழுமையான கட்டுரையை ஆயத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் புதிய செய்தியைச் சேர்த்து, பிழையிருந்தால் திருத்தி, அதே முகவரியில் புதுப்பியுங்கள். தேடுபொறிகள் விரும்புவதும் அதைத்தான், வாசகருக்கும் நல்லது. தேடுபொறியே விடையைச் சுருக்கித் தந்துவிடும் இக்காலத்தில், ஏற்கெனவே எழுதப்பட்டதை மாற்றி எழுதும் கட்டுரைக்கு இனி மதிப்பு இருக்காது. நேரில் பார்த்து, பெயரும் இடமும் நாளும் சொல்லி எழுதிய கட்டுரைக்கு இருக்கும்.

இணையத்தில் இருப்பது என்றும் இருக்கும் என்று நம்பாதீர்கள். ஒருங்குறி (யூனிகோட்) பரவலாவதற்கு முன், தமிழ் இதழ்களின் தளங்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தன. தளங்கள் மாற்றியமைக்கப்பட்டபோது அந்தக் காலத்துக் கட்டுரைகளில் பல படிக்க முடியாமல் போயின. ‘கல்கி’ போன்ற பழம்பெரும் வார இதழே 2020-இல் அச்சை நிறுத்தி இணையத்துக்கு மாறிய காலம் இது. நிறுவனங்கள் மாறும்போது பழைய இணைப்புகள் சொல்லாமல் கொள்ளாமல் மறையும். ஆகவே வெளியான ஒவ்வொரு கட்டுரையின் இறுதி வடிவத்தையும், படங்களின் மூலக் கோப்பையும், பேட்டியின் ஒலிப்பதிவையும், பதிவு செய்த நாள், ஊர், பேசியவர் என்ற விவரங்களோடு உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். சொந்தமாக ஓர் இணையதளமும் தேவை. ஜெயமோகன் நாகர்கோவிலில் இருந்தபடி தன் தளத்தில் பல ஆண்டுகளாக நாள்தோறும் எழுதிவருவதும், 2022-இல் தொடங்கப்பட்ட தமிழ் விக்கி கலைக்களஞ்சியத்தில் இம்மாவட்டக் கலைகளைப் பற்றிப் பல பதிவுகள் இடம்பெற்றிருப்பதும், எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் ஒரு களத்தைத் தொடர்ந்து ஆவணப்படுத்த முடியும் என்பதற்குப் பக்கத்திலேயே உள்ள சான்றுகள்.

காணொளியைப் பற்றி நீங்கள் குறிப்பாகக் கேட்டிருப்பதால் அதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். இதில்தான் நம் பொறுப்பு மிகுதி. வில்லுப்பாட்டைக் காணொளியாக்குவது எளிது: வில், குடம், உடுக்கு, கட்டை, தாளம் எல்லாம் கண்ணுக்கும் காதுக்கும் நிறைவானவை. ஆனால் கொடையில் பாடப்படும் வில்லுப்பாட்டு, மேடை நிகழ்ச்சிக்காகச் சுருக்கிப் பாடப்படும் வில்லுப்பாட்டிலிருந்து வேறுபட்டது. காப்பு, குருவடி வணக்கம், அவையடக்கம் என்று தொடங்கி, நாட்டு வளம் சொல்லி, கதைக்குள் போய், வாழி பாடி முடியும் அதன் ஓட்டம், கோயிலில் நடக்கும் பூசைகளோடு பின்னிப் பிணைந்தது. கதையில் தெய்வம் உருக்கொள்ளும் கட்டம் வரும்போதுதான் கோமரத்தாடிக்கு, அதாவது சாமியாடிக்கு, அருள் வரும். மூன்று நிமிடத் துணுக்காக வெட்டினால் மிஞ்சுவது ஒரு தாளம் மட்டுமே. துணுக்கு போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. போட்டால்தான் ஆள் வரும். முழுப் பதிவையும் கூடவே எங்காவது வையுங்கள், எந்த ஊர், எந்தத் தெய்வம், எந்தக் கதை, யார் பாடினார்கள் என்பதை எழுத்தில் சேருங்கள்.

பாடுகிறவர்களின் உரிமையும் உண்டு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துக் கலைஞருக்குத் தன் நிகழ்ச்சியின் மீது 50 ஆண்டுக்கால உரிமை தருகிறது. அவருடைய நிகழ்ச்சியைப் பதிவு செய்யவும் பரப்பவும் அவர் இசைவு வேண்டும். கொடை பொது இடத்தில்தானே நடக்கிறது என்று கைபேசியை நீட்டுவது பரவலாகிவிட்டது. அண்ணாவியிடம் முன்கூட்டியே கேளுங்கள். எங்கே வெளியிடப் போகிறீர்கள், வருமானம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று சொல்லுங்கள். கலைஞர்கள் எல்லோருடைய பெயரையும் காட்டுங்கள். வருமானத்தில் பங்கு கொடுங்கள். ஊர்க் கோயில் நிர்வாகத்திடமும் கேளுங்கள், ஏனெனில் சில மாடன் பூடங்களின் (பீடங்களின்) முன் நள்ளிரவுப் பூசையைப் படம் எடுப்பதை ஊரார் விரும்புவதில்லை. சுவாமித்தோப்பில் கார்த்திகையில் நடக்கும், அய்யாவழியினரின் புனித நூலான அகிலத்திரட்டு ஏடு வாசிப்பும், தக்கலை பீர்முகம்மது அப்பா தர்காவில் அவர் இயற்றிய ஞானப்புகழ்ச்சியைப் பாடுவதும் நம்பிக்கையாளர்களுக்கு வழிபாடு. நாம் அங்கே விருந்தினர். மறுத்தால் குறிப்பேடு போதும். எழுத்தால் சொல்ல முடியாத எதையும் அந்தப் படம் சொல்லிவிடப் போவதில்லை.

உங்கள் சொந்த உரிமையைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். பத்திரிகையில் ஊழியராக இருந்து எழுதியவற்றில், மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், பத்திரிகையில் வெளியிடும் உரிமை மட்டுமே உரிமையாளருடையது என்றும், மற்ற வகைகளில் முதல் உரிமை எழுதியவருக்கே என்றும் அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் இன்று பல நிறுவனங்கள் எல்லா உரிமைகளையும் எழுதி வாங்கிக்கொள்கின்றன. ஆகவே பணி ஆணையில் கையெழுத்திடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து எழுதினால், உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் இருக்க வேண்டும்; காலம் குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் 19-ஆம் பிரிவு கொள்கிறது. புத்தகமாக்கும் உரிமையும் ஒலிநூல் உரிமையும் எனக்கே என்று ஒரு வரி சேர்த்துக் கேட்டால், பெரும்பாலான ஆசிரியர்கள் மறுப்பதில்லை. பண்பாட்டு எழுத்தில் பத்தாண்டுக் கட்டுரைகள் ஒரு புத்தகம் ஆகும். அந்தப் புத்தகம்தான் கருத்தரங்குக்கும் ஆய்வுத் திட்டத்துக்கும் ஆவணப்பட ஆலோசனைக்கும் உங்களை அழைக்கச் செய்யும்.

யூடியூப் வருமானத்தை மட்டும் நம்பி வேலையை விடாதீர்கள். விளம்பர வருவாய் பெறவே 1000 சந்தாதாரர்களும், பன்னிரண்டு மாதங்களில் 4000 மணி நேரப் பார்வையோ 90 நாட்களில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வைகளோ வேண்டும். அதைத் தாண்டினாலும் தமிழ்ப் பண்பாட்டு உள்ளடக்கத்துக்கு வரும் தொகை மாதச் சம்பளத்துக்கு ஈடாவது அரிது. நடைமுறையில் வருமானம் பல சிறு ஓடைகளாக வரும்: இணையப் பிரிவு வேலை, மொழிபெயர்ப்பு, மெய்ப்பு, ஆவணப்படங்களுக்குக் களப்பணி, எப்போதாவது சன்மானம். குமரி மாவட்டத்தாருக்கு இதில் ஒரு கூடுதல் வலிமை மலையாளம். உங்கள் வட்டாரத்தில் அது காதில் விழுந்துகொண்டே இருக்கும் மொழி. எழுதவும் படிக்கவும் கற்றுவிட்டால் மொழிபெயர்ப்பு வேலை கிடைக்கும். அதைவிட முக்கியமாக, உங்கள் களத்தின் பழைய ஆவணங்களும் திறக்கும். 1956-க்கு முந்தைய நம் மாவட்டத்தின் வரலாறு பெருமளவு திருவிதாங்கூரின் பதிவேடுகளில் இருக்கிறது. நாகமையா 1906-இல் வெளியிட்ட திருவிதாங்கூர் கையேடு, சுசீந்திரம் கோயிலைப் பற்றி கே.கே. பிள்ளை எழுதிய ஆய்வு, அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகள் பற்றி அ.கா. பெருமாள் வெளியிட்டுள்ள நூல் ஆகிய மூன்றையும் முதல் ஆண்டிலேயே படித்துவிடுங்கள். பெரும்பாலான இணையக் கட்டுரைகள் இவற்றை எட்டியும் பார்க்காதவை என்பது படித்த பிறகு உங்களுக்கே விளங்கும்.

இனி, இங்கேயே இருந்துகொள்ளலாமா என்ற கேள்வி. இடையில் ஓரிரு ஆண்டுகள் வெளியே போய் டெஸ்க் வேலை கற்ற பின், திரும்பி வருவது இப்போது முன்பைவிட எளிது. இணையப் பிரிவுகள் வீட்டிலிருந்து வேலை செய்ய இசைகின்றன, பண்பாட்டுக் கட்டுரைக்குக் களத்திலேயே இருப்பவர் தேவைப்படுகிறார். திருவனந்தபுரமும் அருகில் இருப்பதால் அதன் ஆவணக் காப்பகத்துக்கும் நூலகங்களுக்கும் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். ஆனால் ஊரிலேயே இருந்து எழுதுகிறவருக்கு ஒரு சிக்கல் உண்டு, அதை இப்போதே சொல்லிவைக்கிறேன். இம்மாவட்டத்தில் சாதியும் மதமும் ஒவ்வொரு பண்பாட்டுப் பொருளையும் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தையோ, ஒரு கொடையில் யாருக்கு எந்த உரிமை என்பதையோ, 1982-இல் மதக் கலவரம் நடந்த மண்டைக்காட்டின் அண்மை வரலாற்றையோ எழுதினால் உறவினர்களே வருத்தப்படலாம். எல்லாச் சமூகத்தாரிடமும் கேட்டு எழுதுங்கள், சொந்தச் சமூகத்தைப் பற்றி எழுதும்போது இன்னும் ஒருமுறை சரிபாருங்கள், ஆவணம் இருக்கும் இடத்தில் தயங்காமல் எழுதுங்கள். வருத்தப்பட்டவரிடம் நேரில் போய் உட்கார்ந்து பேச முடிவதும் இங்கேயே வாழ்கிறவருக்குத்தான் வாய்க்கும்.

தொடங்குவதற்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஒரு கொடையையோ கோயிலையோ தேர்ந்தெடுங்கள். திருநட்டாலமும் திக்குறிச்சியும் உங்களுக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கும். பூசாரி, அறங்காவலர், பூ கட்டுகிறவர், விளக்குக்கு எண்ணெய் கொண்டுவரும் பாட்டி, அந்தக் கோயிலுக்குள் போகாத பக்கத்து வீட்டுக்காரர் ஆகிய ஐவரிடமும் பேசுங்கள். கிடைத்ததில் எது நேரில் பார்த்தது, எது கேட்டது, எது நூலில் படித்தது என்று மூன்றாகப் பிரித்து எழுதிவைத்துக்கொண்டு, ஆயிரம் சொற்களில் ஒரு கட்டுரையாக்குங்கள். நாளிதழின் இணைப்பிதழ் ஒன்றுக்கும், அது மறுத்தால் ஓர் இணைய இதழுக்கும் அனுப்புங்கள். ஒரே நேரத்தில் இருவருக்கும் அனுப்பாதீர்கள். மூன்று வாரத்தில் பதில் வராவிட்டால் தொலைபேசியில் அழைத்துக் கேட்பதில் தவறில்லை. இரு இடத்திலும் மறுத்தால் உங்கள் தளத்தில் வெளியிட்டு, பேசிய ஐவருக்கும் அதைக் காட்டுங்கள். அவர்கள் சொல்லும் திருத்தங்கள் எந்த ஆசிரியரின் திருத்தத்துக்கும் குறைந்தவை அல்ல. அவற்றைச் சேர்த்துவிட்டு இரண்டாவது கட்டுரைக்குப் போங்கள்.